தங்கப் பந்தும் வெறுங்கால் வீரர்களும்

மைசூர் தசரா என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது யானை மீது தங்க அம்பாரி. உள்ளூர்க்காரர்களில் ஒரு சாராருக்கு அது மல்யுத்தம். தொட்டகெரே மைதானத்தில் உள்ள தேவராஜ அரஸ் அரங்கில் பயில்வான்கள் மோதுவார்கள். கடைசியில் நிற்பவருக்கு 'தசரா கேசரி' பட்டம். இந்தப் பட்டத்தில் ஒரு சௌகரியம் உண்டு. யார் சிறந்தவர் என்று யாரும் ஓட்டெடுக்க வேண்டியதில்லை. யாருடைய முதுகில் மண் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

கால்பந்தில் இந்த சௌகரியம் கிடையாது. களத்தில் 22 பேர், ஒரே பந்து. கோல் அடித்தவர் பெயர் நாளிதழில் வரும். அதற்கு மூன்று பாஸ்களுக்கு முன்னால் எதிரணியின் வரிசையை உடைத்தவர் பெயர் வராது. கோல் விழாமல் தடுத்தவர் பெயர் அநேகமாக மறந்தே போகும். ஆனாலும் ஆண்டுதோறும் ஒருவரை நிறுத்தி 'இவர்தான் சிறந்தவர்' என்று சொல்ல ஆசை விடுவதில்லை. அந்த ஆசையின் மிகப் பிரபலமான வடிவம் பிரான்சின் தங்கப் பந்து விருது, அதாவது பாலன் டோர்.

'பிரான்ஸ் ஃபுட்பால்' என்ற பத்திரிகை 1956-ல் இதைத் தொடங்கியது. மூளையாக இருந்தவர் கேப்ரியல் ஹானோ. முன்னாள் ஆட்டக்காரர், பிறகு பத்திரிகையாளர். ஐரோப்பிய கிளப்புகளுக்கிடையே கோப்பைப் போட்டி வேண்டும் என்று வாதாடி நடத்த வைத்தவரும் இவரே. விருதுக்கு அவர் வைத்த ஏற்பாடு எளிமையானது: 16 ஐரோப்பிய நாடுகளிலிருந்து நாட்டுக்கு ஒரு பத்திரிகையாளர், ஒவ்வொருவரும் வரிசைப்படி ஐந்து பெயர்கள், முதல் பெயருக்கு ஐந்து புள்ளி, கடைசிப் பெயருக்கு ஒன்று. முதல் விருது இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸுக்குப் போனது. அவருக்கு அப்போது வயது 41. ரியல் மாட்ரிட் அணியின் ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோவை அவர் வென்றது மூன்றே புள்ளிகளில், 47-க்கு 44.

பரிசைவிட சுவாரசியமானது அதைச் சுற்றிப் போட்டிருந்த வேலி. ஐரோப்பிய நாட்டவருக்கு மட்டுமே விருது. ஆனால் வேலியில் ஒரு சிறு கதவு இருந்தது, அதன் பெயர் பாஸ்போர்ட். டி ஸ்டெஃபானோ அர்ஜென்டினாவில் பிறந்தவர். ஸ்பெயின் குடியுரிமை பெற்றார், 1957, 1959 ஆண்டுகளில் விருதும் பெற்றார். 1961-ல் வென்ற சிவோரியும் அர்ஜென்டினாக்காரர்தான், இத்தாலியக் காகிதம் கையில் இருந்தது. 1965-ல் வென்ற யூசேபியோ பிறந்தது மொசாம்பிக்கில். அது அன்று போர்ச்சுகலின் காலனி, ஆகவே அவரும் ஐரோப்பியர்! அடிமை நாட்டில் பிறந்ததால் ஒருவருக்குக் கிடைத்த தகுதி இது.

சொந்த நாட்டுக்கு ஆடி, சொந்த நாட்டு கிளப்பிலேயே இருந்தவர்களுக்குக் கதவு மூடியே கிடந்தது. பெலே மூன்று உலகக் கோப்பைகளை வென்ற ஆண்டுகளிலும் தங்கப் பந்து வேறு யாருக்கோ போனது.

பெங்களூர் அல்சூரை ஒட்டிய கௌதம்புராவில் இந்தச் செய்தியைச் சொன்னால் சிரிப்பார்கள். ராணுவக் குடியிருப்பை அண்டி வளர்ந்த, தலித் தமிழர்கள் நிறைந்த பகுதி அது. பெங்களூர்க்காரர்கள் அதை 'குட்டி பிரேசில்' என்கிறார்கள். தெருவில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு நான்காவதாகப் பந்தும் காலுமாக நிற்கிறார் பெலே. பாரிஸில் பத்திரிகையாளர்கள் கொடுக்க முடியாததை இந்தத் தெரு எப்போதோ கொடுத்துவிட்டது. பழைய மைசூர் ராஜ்யத்தின் அணிக்கும், அதன் வழியே தேசிய அணிக்கும் ஆட்டக்காரர்களை அனுப்பியவை இதுபோன்ற கன்டோன்மென்ட் தெருக்கள்தாம்.

பிரான்ஸ் பத்திரிகைக்கு ஒரு பாராட்டு சொல்லியாக வேண்டும். தான் போட்ட வேலியைத் தானே பிடுங்கியது. 1995-ல் விதி மாறியது: ஐரோப்பிய கிளப்பில் ஆடும் யாரும் தகுதியானவர். அதே ஆண்டு லைபீரியாவின் ஜார்ஜ் வேயா வென்றார். ஆப்பிரிக்காவுக்கு இதுவரை கிடைத்த ஒரே தங்கப் பந்து அது. (அந்த வேயாதான் 2018 முதல் 2024 வரை லைபீரியாவின் ஜனாதிபதியாக இருந்தவர்.) 2007-லிருந்து உலகில் எங்கு ஆடுபவரும் போட்டியில் உண்டு. 2018-ல் பெண்களுக்கும் தனி விருது வந்தது, நார்வேயின் அடா ஹெகர்பெர்க் முதலில் பெற்றார்.

2016-ல் அந்தப் பத்திரிகை செய்தது இன்னும் துணிச்சலான காரியம். விருதின் 60-வது ஆண்டையொட்டிப் பழைய கணக்கைத் திறந்தது. அந்தக் காலத்தில் வேலி இல்லாதிருந்தால் யார் வென்றிருப்பார்கள் என்று ஆண்டு ஆண்டாகப் பரிசீலித்தது. 1995-க்கு முந்தைய 39 விருதுகளில் 12 கை மாறியிருக்கும் என்று முடிவானது. பெலேவுக்கு மட்டும் ஏழு. 1986, 1990 இரண்டும் மரடோனாவுக்கு. 1962 காரிஞ்சாவுக்கு, 1978 கெம்பெஸுக்கு, 1994 ரொமாரியோவுக்கு. பழைய வெற்றியாளர்களிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டியல், அவ்வளவே. 'நாங்கள் சிறந்தவர் என்று சொன்னது எங்கள் வேலிக்குள் சிறந்தவரைத்தான்' என்று ஒரு விருது தானாகவே ஒப்புக்கொள்வது அபூர்வம்.

ஓட்டு யார் கையில் என்பதும் வேலிதான். 2010 முதல் 2015 வரை உலகக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபாவோடு சேர்ந்து விருது வழங்கப்பட்டபோது, ஒவ்வொரு நாட்டின் அணித் தலைவருக்கும் பயிற்சியாளருக்கும் ஓட்டு வந்தது. 2010-ல் மெஸ்ஸி வென்றார். பத்திரிகையாளர் ஓட்டை மட்டும் எண்ணியிருந்தால் நெதர்லாந்தின் ஸ்னைடர் முதலிடம் பெற்றிருப்பார். சகாக்களின் ஓட்டு புகழின் பக்கம் சாயும் என்று அன்றே பலர் முணுமுணுத்தார்கள். 2022-லிருந்து ஆண்கள் விருதுக்கு உலகத் தரவரிசையின் முதல் 100 நாடுகளின் பத்திரிகையாளர்கள் மட்டுமே ஓட்டுப் போடுகிறார்கள். அணித் தலைவர்கள் காலத்தில் ஓட்டு வைத்திருந்த இந்தியா 2024, 2025 இரு ஆண்டுகளிலும் அந்த நூறுக்கு வெளியே.

இங்கே நம் கணக்கைப் பார்க்கலாம். மேத்யூஸுக்கு முதல் தங்கப் பந்து அறிவிக்கப்பட்ட அதே 1956 டிசம்பரில்தான் இந்தியா மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம் பிடித்தது. டிசம்பர் 1-ம் தேதி ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்று வென்ற ஆட்டத்தில் நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டது அதுவே முதல் முறை. போட்டி முடிந்தபோது அதிக கோல் அடித்த மூவரில் அவரும் ஒருவர். அந்த ஆண்டின் சிறந்த இந்திய ஆட்டக்காரர் யார் என்பதில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் கொடுக்க விருதே இல்லை.

விருது ஐந்து ஆண்டுகள் கழித்து வந்தது. 1961-ல் மத்திய அரசு அர்ஜுனா விருதைத் தொடங்கியது. கால்பந்தில் முதலில் பெற்றவர் பி.கே.பானர்ஜி. 1962 துளசிதாஸ் பலராம், 1963 சுனி கோஸ்வாமி, 1964 ஜர்னைல் சிங், 1965 அருண் கோஷ், 1966 யூசுஃப் கான், 1967 பீட்டர் தங்கராஜ். ஆண்டுக்கு ஒருவர், ஏழு ஆண்டுகள், ஏழு பேர். இந்த ஏழு பேரையும் ஓர் இழை இணைக்கிறது. 1962 செப்டம்பரில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் கொண்டுவந்த அணியில் ஏழு பேருமே இருந்தார்கள்.

ஆகவே 'ஆண்டின் சிறந்தவர்' என்ற பெயரில் அரசு செய்தது, ஒரு பெரிய அணிக்குத் தவணை முறையில் நன்றி சொன்னதுதான். அதில் தவறில்லை. ஏழு பேரும் தகுதியானவர்கள். தமிழர்கள் பெருமைப்பட இரண்டு பெயர்கள் அந்த வரிசையிலேயே இருக்கின்றன. பலராம் செகந்தராபாத் பக்கத்து அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்து, வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு ஆடி வளர்ந்த கோல்கீப்பர். அந்த மையத்தின் அணி 1955, 1958 ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையை வென்றது. ஜகார்த்தா அணியில் அருமைநாயகம், எத்திராஜ் என்று வேறு தமிழ்ப் பெயர்களும் உண்டு, ஆனால் அவர்கள் முறை வரவில்லை.

ஏழு பேரில் கோல்கீப்பருக்குக் கடைசி இடம் என்பதும் கவனிக்கத்தக்கது. தங்கப் பந்திலும் இதே கதைதான். அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாற்றில் அதைப் பெற்ற ஒரே கோல்கீப்பர் சோவியத் யூனியனின் லெவ் யாஷின், 1963-ல். மெல்போர்னில் தங்கம் வென்ற சோவியத் அணியின் கோல் கம்பங்களுக்கு இடையே நின்றவர் அவர். அதே ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியில் தங்கராஜ் இருந்தார். கோல்கீப்பர்களுக்கு ஓட்டு விழாது என்று தெளிவாகிவிட்ட பிறகு, 2019-ல் பிரான்ஸ் பத்திரிகை யாஷின் பெயரிலேயே தனிக் கோப்பை ஏற்படுத்தியது. தங்கராஜ் 2008-ல் மறைந்தார். அவர் பெயரில் அப்படி ஒரு தேசியக் கோப்பை இருந்தால் கெடுதல் ஒன்றுமில்லை.

பலராமின் கதை வேறு மாதிரி. பி.கே., சுனி, பலராம் என்ற மூவரைப் பிரித்துப் பேசாத காலம் ஒன்று இருந்தது. பின்னாளில் சுனிக்கு 1983-லும் பி.கே.வுக்கு 1990-லும் பத்மஸ்ரீ கிடைத்தது. பலராம் 2023 பிப்ரவரியில் இறக்கும்வரை அவருக்கு வரவில்லை. மூன்று பேர் சேர்ந்து போட்ட கோல்களை இரண்டு பேர் கணக்கில் எழுதியது போலத்தான் இது.

ஆனால் ஜகார்த்தாக்காரர்களுக்காவது 1961-ல் ஒரு வாசல் திறந்தது. அதற்கு முந்தைய தலைமுறைக்கு அதுவும் இல்லை. அந்தத் தலைமுறையில் மைசூர் என்ற பெயருக்கு இருந்த எடை இன்று பலருக்குத் தெரியாது.

மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் கோப்பை 1941-ல் தொடங்கியது. வங்காளம் கோலோச்சிய அந்தப் போட்டியை மைசூர் அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69 என்று நான்கு முறை வென்றது. 1973-ல் மாநிலத்தின் பெயர் கர்நாடகம் ஆனதும் மைசூர் அணி என்ற பெயர் பழைய ஸ்கோர் அட்டைகளில் மட்டும் தங்கியது. (புதிய பெயரில் முதல் வெற்றி 2023 மார்ச்சில், சவூதி அரேபியாவின் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வீழ்த்தியபோது வந்தது. இடைவெளி 54 ஆண்டுகள்.) சந்தோஷ் கோப்பையில் மூன்றாமிடத்துக்கு ஏற்படுத்தப்பட்ட பரிசின் பெயர் சம்பங்கி கோப்பை. மைசூரின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் சம்பங்கியின் நினைவாக மைசூர் கால்பந்துச் சங்கம் அளித்தது அது. விருது வழங்க அரசும் பத்திரிகையும் முன்வராத நாளில், ஒரு மாநிலச் சங்கம் தன் ஆட்டக்காரரை மறக்காமலிருக்கக் கண்டுபிடித்த வழி.

அந்த அணியிலிருந்து 1948 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனவர்களில் கோல்கீப்பர் வரதராஜ், முன்கள ஆட்டக்காரர்கள் எஸ்.ராமன், அகமது கான் ஆகியோர் உண்டு. ஜூலை 31-ம் தேதி இல்ஃபோர்டில் பிரான்சோடு ஆட்டம். இந்தியர்களில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள். பிரான்ஸ் முதலில் கோல் போட்டது. 70-வது நிமிடத்தில் ராமன் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோல் அது. இரண்டு பெனால்டிகளை வீணடித்து, கடைசி நிமிடத்தில் இன்னொரு கோல் வாங்கி, 2-1 என்று இந்தியா தோற்றது. தோற்ற ஆட்டத்துக்காக லண்டன் கைதட்டியதை இன்றும் சொல்கிறார்கள். கோல் அடித்தவர் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. கிரிக்கெட்டில் சுதந்திர இந்தியாவின் முதல் சதம் யாருடையது என்று கேட்டால் பதில் சொல்ல நாலு பேராவது கிடைப்பார்கள்.

அர்ஜுனா பட்டியலில் ராமன் இல்லை, அகமது கான் இல்லை. மெல்போர்னின் நெவில் டிசோசாவும் இல்லை, அந்த அணியின் தலைவர் சமர் பானர்ஜியும் இல்லை. டிசோசா 1980-லேயே போய்விட்டார். வாழ்நாள் பங்களிப்புக்கான தியான்சந்த் விருது 2002-ல் ஏற்பட்டது. அதற்குள் அந்தத் தலைமுறையில் மிச்சம் இருந்தவர்கள் சிலரே, அவர்களையும் அது தேடிப் போகவில்லை.

அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதே 1992-ல்தான். கேரளத்தின் ஐ.எம்.விஜயன் மூன்று முறை வென்றார். சுனில் செத்ரி ஏழு முறை. பெண்கள் விஷயத்தில் சம்மேளனம் பிரான்சை முந்திக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். மணிப்பூரின் பெம்பெம் தேவிக்கு 2001-லேயே விருது கிடைத்தது, பாரிஸில் பெண்களின் தங்கப் பந்துக்கு 17 ஆண்டுகள் முன்பு. 2023-24 பருவத்துக்கு அந்த விருதைப் பெற்றவர் கடலூர்ப் பெண், தமிழக போலீஸில் பணிபுரியும் இந்துமதி கதிரேசன். தமிழ்ப் பத்திரிகைகள் இதற்கு ஒதுக்கிய இடத்தை அளந்து பார்த்தால் கூச்சமாகத்தான் இருக்கும்.

1992-க்கு முந்தைய நாற்பத்தைந்து ஆண்டுகளை அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை. பாரிஸ் செய்ததை டெல்லியும் செய்யலாம். செலவு அதிகமில்லை. பழைய பத்திரிகைகள், ஸ்கோர் அட்டைகள், கால்பந்தைத் தொடர்ந்து எழுதிய சில வயதான நிருபர்கள், ஒரு மேஜை போதும். யாருக்கும் பணமுடிப்பு தர வேண்டாம், ஆண்டுக்கு ஒரு பெயர் எழுதினால் சரி. சில ஆண்டுகள் எளிது. 1956 டிசோசாவுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். 1962-ல் சண்டை வரும். இறுதி ஆட்டத்தில் முதல் கோல் அடித்த பி.கே.வா, தலையில் தையலோடு முன்கள ஆட்டக்காரராக இறங்கி இரண்டாவது கோல் போட்ட ஜர்னைல் சிங்கா, அணித் தலைவர் சுனியா என்று. சண்டை வரட்டும், விருது என்பதே அதற்குத்தானே.

1948 ராமனுக்கு. இதற்கு எதிர்வாதம் உண்டு. ஒரு கோல் ஒரு ஆண்டு ஆகாது, அந்தக் காலத்து ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அகமது கானின் காலில் பந்து ஒட்டிக்கொண்டிருந்ததையே கதை கதையாகச் சொன்னார்கள் என்பார்கள். வாதம் சரிதான். அகமது கானுக்கு வேறு ஆண்டுகள் இருக்கின்றன. 1951-ல் டெல்லியில் ஈரானை 1-0 என்று வென்று முதல் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை எடுத்த அணியில் அவர் இருந்தார். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா இந்தியாவைப் பத்து கோல் போட்டு நசுக்கியபோது, இந்தியா திருப்பிப் போட்ட ஒரே கோல் அவருடையது. கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்வரிசை ஐவரை 'பஞ்ச பாண்டவர்' என்று அழைத்தார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், சாலே, அகமது கான். ஐந்து பேருமே தென்னிந்தியாவிலிருந்து ரயிலேறிப் போனவர்கள். 1949 முதல் 1953 வரை அந்த ஐவரில் ஒருவரைத் தள்ளிவிட்டு இந்தியாவின் சிறந்தவர் என்று வேறு பெயர் எழுதுவது கஷ்டம்.

அகமது கானைக் கேட்டே எழுதியிருக்கலாம். தன்னைவிடச் சிறந்தவர் என்று யாரை நினைத்தார், லண்டனில் அந்தக் கோல் எப்படி விழுந்தது, ஹெல்சிங்கியில் எப்படி ஆடினார்கள் என்று. அதற்கு அவகாசம் இருந்தது. பாரிஸில் பழைய கணக்கைத் திறந்து பெலேவுக்கு ஏழு விருதுகளை எழுதிய 2016-ல் அவர் உயிரோடு இருந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், 90 வயதில், பெங்களூரில் காலமானார்.